தண்ணி எங்கிருந்து வருது

மூன்று இடம் பார்த்தோம், ஒரே ஞாயிற்றுக்கிழமையில்.
வாடகைக் காருக்கு இரண்டாயிரத்து எண்ணூறு.
அப்பா முன்சீட்டில், மடியில் மாத்திரை டப்பா,
காலடியில் ஒரு மஞ்சப்பைக்குள் மூத்திரக் குடுவை.

முதல் இடம் ஒட்டப்பட்டி தாண்டி.
வாசலில் புல்தரை, அதில் ஒரு பிளாஸ்டிக் கொக்கு.
மேனேஜர் செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார்:
பொங்கலுக்கு உறியடி, தீபாவளிக்குப் புதுவேட்டி.
நான் கட்டணம் கேட்டேன், டாக்டர் எப்போது வருவார் கேட்டேன்,
ராத்திரியில் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று கேட்டேன்.
அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்:
"தண்ணி எங்கிருந்து வருது?"

"எல்லாம் கேன் தண்ணிதான் சார்."
அப்பா கொக்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பாப்பாரப்பட்டியில் இருபத்தொன்பது வருஷம்
மேல்நிலைத் தொட்டிக்கு வால்வு திறந்து மூடியவர்.
போர்த் தண்ணியில் பல் பழுப்பான தெரு எங்களுடையது,
நாற்பதிலேயே முட்டி வளைந்த தெரு.
ஒகேனக்கல் தண்ணி வந்த அன்று
குழாயடியில் நின்று ஒரு வாய் குடித்துவிட்டு
"இனிமே பொறக்கறதுங்களுக்குப் பல்லு வெள்ளையா இருக்கும்" என்றார்.
நான் அதற்கு முன்னால் பிறந்துவிட்டேன்.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்
உதட்டை மூடிச் சிரிக்க அம்மா பழக்கியது
இன்னும் போகவில்லை.

இரண்டாவது, காரிமங்கலம் ரோட்டில்.
அங்கே அறைகளுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.
"எறங்கிப் போயிடறாங்க மேடம்."
ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து
"பஸ்ஸு வந்துடுச்சா கண்ணு?" என்றார்.
வந்துடும் என்றேன். வேறென்ன சொல்ல.
அப்பா அங்கே கேள்வியே கேட்கவில்லை.

பெங்களூரிலிருந்து அண்ணன் நாலாவது தடவை கூப்பிட்டான்.
"செலவு பாதி என்னோடது. முடிவு உன்னோடது ஈசு."
பாதிப் பாதி. கணக்கு சரிதான்.

கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது
ஓசூர் கம்பெனி, நைட் ஷிப்டு, ஆள் கிடைக்கவில்லை.
சொல்லாதது:
போன மாசம் பதினேழாம் தேதி விடியற்காலை
மூன்றாவது முறை விரிப்பு மாற்றும்போது
அவர் தோளைத் தேவைக்கு மேல் வேகமாகத் தள்ளினேன்.
சுவரில் மோதியது. பெரிதாக இல்லை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் காபியை ஆற்றிக்கொண்டே
"எடம் ஏதாச்சும் பாரு" என்றார்.

மூன்றாவது இடம் பாலக்கோட்டில், தக்காளி மண்டிக்கு எதிர்ச்சந்து.
ஒரு காலத்தில் கல்யாண மண்டபம்.
மணமக்கள் பெயர் எழுதும் பலகை இன்னும் தொங்குகிறது.
அதில் சாக்பீஸில்
யாருக்கு எத்தனை மணிக்கு இன்சுலின்.

அங்கே வேலை பார்க்கும் சின்னப்பாப்பா என்பவள்தான் பதில் சொன்னாள்:
"வாரத்துல ரெண்டு நாளு ஒகேனக்கல். மத்த நாளு போரு.
போர்த் தண்ணிய சோத்துக்கு எடுக்கறதில்லீங்க."
சொல்லிவிட்டு, வாயை மூடாமல் சிரித்தாள்.
என் பல்தான், அப்படியே.

அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாஷ்பேசின் வரை போனார்.
குழாயைத் திறந்தார்.
முதலில் இருமல், பிறகு காற்று, பிறகு தண்ணி.
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"மேல வால்வுல வாஷர் போயிருக்கு. எத்தினி நாளா?"
"ஆச்சுங்க, ஆறு மாசம்."
"ஆறு மாசம்!"
என்னை முறைத்தார், நானே கெடுத்ததைப் போல.
பிறகு, பாரம் எங்கே என்றார்.

பெயர் மாதையன். வயது எழுபத்தெட்டு.
உறவு: மகள்.
'சேர்ப்பதற்கான காரணம்' என்று ஒரு கேள்வி,
கீழே இரண்டு வரிக்கு இடம்.
பேனா அங்கேயே நின்றது.

எட்டிப் பார்த்தார்.
"முட்டி வலின்னு எழுது."

எழுதினேன். எழுத்து பெரிது பெரிதாக விழுந்து
இரண்டு வரியும் நிறைந்துவிட்டது.